வெட்டவெளிக்கும் ஓர் எண்

இருபது மீட்டர் செம்புக் கம்பி. அதை நடுவில் வெட்டி, இரண்டு துண்டுக்கும் இடையே ஓர் இன்சுலேட்டரைக் கோத்து, ஒரு முனையை மொட்டை மாடிக் கம்பத்திலும் மறுமுனையைத் தென்னை மரத்திலும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டால், ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் 'டைபோல்' ஆன்டெனா தயார். பேட்டரி கிடையாது, சுழலும் பாகம் கிடையாது, உள்ளே சிப் எதுவும் கிடையாது. பார்த்தால் துணி காயப்போடும் கொடிதான்.

ஆனால் இந்தக் கொடிக்கு ஓர் அதிர்வெண் பிடிக்கும். 6.5 மெகாஹெர்ட்ஸில் மின்னலையைக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸில் கொடுங்கள், ஏறத்தாழ முழுவதையும் வாங்கி வானத்தில் விட்டுவிடும். அந்த அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு மொட்டை மாடியில் இறங்கும். எந்த அதிர்வெண்ணுக்கு இசைய வேண்டும் என்று அந்தக் கம்பிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் உலகில் எங்கே கட்டினாலும் அது தவறுவதில்லை. இந்த ஒழுங்கைத் தேடிப் போனால், நாம் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த வெட்டவெளி வரைக்கும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நீளத்துக்குள் ஒரு சுருதி

ஒளி நொடிக்கு 29,97,92,458 மீட்டர் ஓடுகிறது. ரேடியோ அலைக்கும் அதே வேகம்தான். 7.1 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 71 லட்சம் துடிப்பு. ஒரு துடிப்பு முடிவதற்குள் அலை சுமார் 42.2 மீட்டர் போயிருக்கும். அதில் பாதி 21.1 மீட்டர். டைபோலின் நீளம் ஏறக்குறைய அந்தப் பாதி.

கம்பியின் நடுவில் புறப்படும் மின்னலை முனை வரை ஓடுகிறது. அங்கே மேலே போக வழியில்லை; திரும்பி வருகிறது. அரை அலை நீளக் கம்பியில், அது நடுவுக்குத் திரும்பும் கணமும் டிரான்ஸ்மிட்டர் அடுத்த முறை தள்ளும் கணமும் ஒன்றாகிவிடுகின்றன. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்து விரலால் தள்ளினாலே குழந்தை உயர உயரப் போகிறதல்லவா, அதே கணக்கு. நேரம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் வீண். இந்த நேரப் பொருத்தத்தைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம்.

1887-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் இதைக் கண்ணால் பார்த்தார். ஒரு பக்கம் தீப்பொறியால் மின்னலையை எழுப்பினார். மறுபக்கம் ஒரு கம்பி வளையம். அதில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் தாவும் நுண்பொறிதான் அவருடைய ஒரே அளவுகருவி. வளையத்தின் அளவை மாற்ற மாற்றப் பொறி வளர்ந்தது. ஓர் அளவில் உச்சம் தொட்டது. அதைத் தாண்டியதும் சுருங்கியது. அன்று அவர் பார்த்த உச்சத்தைத்தான் இன்றைய ஹாம்கள் திரையில் பார்க்கிறார்கள்.

கணக்குப்படி 21.1 மீட்டர் என்றாலும் கட்டும்போது 20.1 மீட்டர்தான் வரும். கம்பிக்குத் தடிமன் உண்டு. முனைகளில் மின்னூட்டம் கொஞ்சம் தேங்கும். இன்சுலேட்டரும் தன் பங்குக்கு இழுக்கும். இவற்றால் கம்பி தன் நிஜ நீளத்தைவிட ஐந்து சதவீதம் நீண்டதுபோல் நடந்துகொள்கிறது. 150-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கச் சொல்கிறது ஏடு. அதனால்தான் 143-ஐ வகுக்கச் சொல்கிறது அனுபவம். பிவிசி உறை போட்ட வீட்டு ஒயராக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று சதவீதம் குறைக்க வேண்டும்.

கம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது

சரியான அதிர்வெண் எது என்பதைக் கம்பியிடமே கேட்கலாம். ஒரு காலத்தில் அதற்கு வால்வு போட்ட கிரிட் டிப் மீட்டர் இருந்தது. அதன் சுருளைக் கம்பியின் அருகே காட்டி, டயலைத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒத்ததிர்வு வரும் இடத்தில் முள் சட்டென்று கீழே சாயும். கம்பி அந்த அதிர்வெண்ணில் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது என்று அர்த்தம். இன்று அந்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் நானோவிஎன்ஏ செய்கிறது.

அதை இயக்குவதில் ஒரு நியமம் உண்டு. முதலில் மூன்று சின்ன மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி, கருவிக்கு மூன்று உண்மைகளைக் காட்ட வேண்டும். ஒன்று 'ஓப்பன்', எதுவும் இணைக்காத வெறுமை. அடுத்தது 'ஷார்ட்', முழு இணைப்பு. மூன்றாவது 'லோட்', துல்லியமான 50 ஓம். எல்லையின்மை, சூன்யம், நடுநிலை ஆகிய மூன்றையும் அறிந்த பிறகே கருவி மற்றவற்றை அளக்கத் தகுதி பெறுகிறது.

பிறகு ஆன்டெனாவை இணைத்தால் திரையில் ஒரு வட்டமும், அதற்குள் வளைந்து போகும் ஒரு கோடும் தெரியும். அந்த வட்டம் ஸ்மித் சார்ட். 1939-இல் பெல் ஆய்வகத்தின் ஃபிலிப் ஸ்மித் வெளியிட்டது. சூன்யம் முதல் எல்லையின்மை வரை இருக்கக்கூடிய எல்லா மதிப்புகளையும் ஒரே வட்டத்துக்குள் மடித்து வைத்துவிட்டார் மனிதர். இடது ஓரம் சூன்யம், வலது ஓரம் எல்லையின்மை, நட்ட நடுவில் 50 ஓம். கோடு மேல் பாதியில் இருந்தால் கம்பி மின்தூண்டியைப் போல நடக்கிறது, அதாவது நீளம் அதிகம். கீழ்ப் பாதியில் இருந்தால் மின்தேக்கியைப் போல நடக்கிறது, நீளம் போதாது. நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் அந்த இரண்டு குணமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. அதுதான் ஒத்ததிர்வு.

20.6 மீட்டரில் கட்டிய கம்பி 6.92 மெகாஹெர்ட்ஸில் நடுக்கோட்டைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கிய 40 மீட்டர் பட்டை 7.0 முதல் 7.2 வரை; நமக்கு நடுவில் 7.1 வேண்டும். 20.6-ஐ 6.92-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 20.08. ஆக மொத்தம் 52 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 26 குறைய வேண்டும். பழகிய கை உடனே வெட்டாது. நுனியை மடித்துக் கம்பியோடு சுற்றிவிட்டு மறுபடி அளக்கும். வெட்டியது ஒட்டாது.

கேபிளுக்கும் இதில் ஒரு விளையாட்டு உண்டு. மாடியில் இருக்கும் ஆன்டெனாவைக் கீழே அறையிலிருந்து கோ-ஆக்ஸ் கேபிள் வழியாக அளந்தால், அளவி காட்டுவது ஆன்டெனாவின் மதிப்பை அல்ல, கேபிள் மாற்றித் தந்த மதிப்பை. ஆனால் கேபிள் சரியாக அரை அலை நீளம் இருந்தால் மேலே உள்ளதை அப்படியே கீழே காட்டும். பாலிதீன் நிரப்பிய கேபிளில் அலை ஒளியின் வேகத்தில் 66 சதவீதத்தில்தான் ஓடும், ஆகவே 7.1-க்கு அந்த நீளம் 13.9 மீட்டர். அதில் பாதி வெட்டினால், கால் அலை. மேலே பெரியதைக் கீழே சிறியதாகவும் சிறியதைப் பெரியதாகவும் புரட்டிக் காட்டும். இன்னொரு சோதனையும் உண்டு: அளக்கும்போது கேபிளைக் கையால் பிடித்தால் திரையில் எண் நகர்கிறதா? நகர்ந்தால் கேபிளின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடுகிறது, அதைத் தடுக்கும் 'பாலன்' என்னும் இணைப்பைப் போட வேண்டும் என்று பொருள்.

காணாமல் போகும் ஆற்றல்

ஒத்ததிர்வில் கேள்வி பாதிதான் தீர்கிறது. அந்த அதிர்வெண்ணில் கம்பி எத்தனை ஓம் காட்டுகிறது என்பது மறுபாதி. மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பை இம்பீடன்ஸ் என்று 1886-இல் பெயரிட்டவர் ஆலிவர் ஹெவிசைடு. பதினாறு வயதில் பள்ளியை விட்டு, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து, மற்றதையெல்லாம் தானே படித்துக்கொண்ட ஆங்கிலேயர்.

சுற்றிலும் எதுவும் இல்லாத வெளியில் தொங்கும் அரை அலை டைபோலின் நடுவில் அளந்தால் சுமார் 73 ஓம் வரும். இந்த 73 எங்கிருந்து வருகிறது? செம்பின் தடை என்று சொல்ல முடியாது. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் கம்பியின் உள்ளே போவதே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழமுள்ள மேல்தோலில் மட்டும் ஓடுகிறது. அப்படியும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி முழுவதற்கும் அந்தத் தடை ஓர் ஓம் அளவுதான். மீதி எழுபத்து சொச்சம் ஓம் கம்பியில் இல்லை. அவ்வளவு ஆற்றல் செலவாகிறது, ஆனால் கம்பி சூடாவதில்லை. ஆற்றல் புறப்பட்டுப் போய்விட்டது. அது போகிற வழி காட்டும் எதிர்ப்பே இந்த 73. பொறியாளர்கள் இதைக் கதிர்வீச்சுத் தடை என்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாதவர்களை, அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் நன்றாகவே ஏமாற்றும். எதுவும் திரும்பாவிட்டால் அது ஒன்றுக்கு ஒன்று காட்டும். நல்ல தரை அமைப்பு மேல் நிற்கும் கால் அலைச் செங்குத்து ஆன்டெனா 36 ஓம் காட்ட வேண்டும். 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர் 1.4 வரும். யாராவது 'என்னுடையது சரியாக ஒன்றுக்கு ஒன்று' என்று பெருமைப்பட்டால், மூத்த ஹாம்கள் புருவம் உயர்த்துவார்கள். கூடுதலாக வந்த 14 ஓம் பெரும்பாலும் மண்ணைச் சூடாக்கும் வீண்செலவு. டம்மி லோடு என்னும் தடைப்பெட்டி எல்லா அதிர்வெண்ணிலும் அப்பழுக்கில்லாத ஒன்றுக்கு ஒன்று காட்டும். ஒரு சொல்லைக்கூட வெளியே அனுப்பாது.

வெளி ஒன்றுமில்லாததல்ல

இனிமேல்தான் அதிசயத்தின் மூலஸ்தானம். வெற்றிடத்துக்கே ஓர் இம்பீடன்ஸ் உண்டு. 376.7 ஓம்.

காற்றை எடுத்துவிடுங்கள், தூசியை எடுத்துவிடுங்கள், கடைசி அணுவையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சும் வெறுமைக்கு இரண்டு குணங்கள் மட்டும் போகாமல் நிற்கும். ஒன்று மின்புலத்துக்கு இடம் தரும் குணம், மற்றொன்று காந்தப்புலத்துக்கு இடம் தரும் குணம். இந்த இரண்டையும் பெருக்கினால் ஒளியின் வேகம் அதிலிருந்து கிடைக்கிறது. மேக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்ட கட்டுரையின் உயிர்நாடி அது. ஒன்றை மற்றொன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வெளியின் இம்பீடன்ஸ் கிடைக்கிறது. நட்சத்திர ஒளியும் வானொலிப் பாட்டும் கைபேசிப் பேச்சும் இந்த ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டுத்தான் பயணம் செய்கின்றன.

டைபோலின் 73 ஓமும் இதன் பிள்ளைதான். அந்த எண்ணைக் கணக்குப் போட்டு வருவிக்கும்போது முதலில் வந்து நிற்பது 376.7, மீதி வெறும் வடிவியல். அதனால் அதிர்வெண் எதுவானாலும் எண் மாறுவதில்லை. இருபது மீட்டர் டைபோலுக்கும் விரல் நீள டைபோலுக்கும் வெறும் வெளியில் அதே 73. ஜப்பானியப் பொறியாளர் முஷியாகே 1948-இல் இன்னொன்றைக் காட்டினார்: உலோகம் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் ஒன்றுபோல் அமைந்த எந்த வடிவத்தை எடுத்தாலும், கொள்கையளவில் எந்த அதிர்வெண்ணிலும் 188 ஓம் வரும். 376.7-இல் சரிபாதி. வடிவத்தை மனிதன் தன் விருப்பம்போல் வரையலாம்; பாதியைப் பங்கிட்டுத் தருவது வெளி.

சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுவது வெறும் வெளியைத்தான். அதன் முன் கைகூப்பிய மரபுக்கு, வெளி வெறுமையல்ல என்று அளவி சொல்வதைக் கேட்டு வியப்பு வரலாம், அதிர்ச்சி வராது.

மண்ணும் தன் பங்கைப் போடுகிறது

நம் கம்பி நடுவெளியில் தொங்குவதில்லை. கீழே பூமி இருக்கிறது. கம்பி கிளப்பும் அலையில் ஒரு பகுதி தரையில் பட்டுத் திரும்பி, கம்பியையே தொடுகிறது. திரும்பிய அலை உதவியாக வந்தால் ஓம் ஒரு பக்கம் நகரும். எதிராக வந்தால் மறுபக்கம். அலையை நன்கு திருப்பும் தரைக்கு மேல் கால் அலை உயரத்தில், அதாவது 7.1-க்குப் பத்தரை மீட்டரில், 73 ஓம் 85-ஐத் தாண்டும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் நூறை நெருங்கும். அரை அலை உயரத்தில் மறுபடி 70-க்கு வரும். மிகத் தாழ்வாக, அலையில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் கட்டினால், 25-க்கும் கீழே இறங்கிவிடும். நிஜ மண் ஈரத்தையும் உப்பையும் பொறுத்து இந்த எண்களை மழுப்புமே தவிர, போக்கு மாறாது. நடுவை உயர்த்தி இரு கைகளையும் சாய்த்துக் கட்டும் 'தலைகீழ் வி' வடிவத்தில் எண் 50-ஐ ஒட்டி வருவதால்தான் ஹாம்கள் அதை விரும்புகிறார்கள்.

அந்த 50 மட்டும் மனிதன் வைத்த எண். கோ-ஆக்ஸ் கேபிளில் அதிகப் பவரைத் தாங்க ஏற்றது சுமார் 30 ஓம். இழப்பு குறைய ஏற்றது சுமார் 77 ஓம். இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானமாக 50 நிலைத்துவிட்டது. வெளி தந்த எண்ணையும் மனிதன் வைத்த எண்ணையும் பொருந்தச் செய்வதுதான் 'மேட்சிங்'. அதே அரை அலைக் கம்பியை நடுவில் வெட்டாமல் ஒரு முனையிலிருந்து ஊட்டினால் இரண்டாயிரம் மூவாயிரம் ஓம் வரும். அதற்கு ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். ஏழின் வர்க்கமான 49 மடங்கு குறைந்து 50-க்கு அருகே வந்துவிடும்.

காதுக்குள் ஒரு மேட்சிங் பெட்டி

மனிதன் இந்த மேட்சிங்கைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, கண்டுபிடிக்கப்போகிற மனிதனின் மண்டைக்குள் இது இருந்தது.

நம் செவிக் குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பக்கம் திறப்பு, மறுபக்கம் செவிப்பறை. இப்படி ஒருபுறம் மூடிய குழாய், தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலிக்கு ஒத்ததிரும். செங்குத்து ஆன்டெனாவின் கால் அலைக் கணக்கேதான். காற்றில் ஒலியின் வேகத்தை வைத்துப் போட்டால் சுமார் 3400 ஹெர்ட்ஸ் வருகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும், சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகளில் பல விழுவதும் இந்த வட்டாரத்தில்தான்.

அடுத்தது இதைவிடப் பெரியது. உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தில் மோதினால் 99.9 சதவீதம் எகிறித் திரும்பிவிடும். இரண்டின் ஒலி இம்பீடன்ஸும் அவ்வளவு ஏறுமாறு. ஹாம் மொழியில் சொன்னால் படுமோசமான எஸ்.டபிள்யூ.ஆர். இதைச் சரிக்கட்ட நடுக்காதில் மூன்று எலும்புகள். செவிப்பறையின் பரப்பு, கடைசி எலும்பான அங்கவடியின் அடித்தட்டைப்போல் சுமார் 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு இன்னும் 1.3 மடங்கு கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை ஏறக்குறைய 22 மடங்காக்கி, திருப்பி விரட்டப்பட இருந்த ஒலியை உள்ளே அழைத்துப் போகின்றன. அங்கவடி உடலிலேயே மிகச் சிறிய எலும்பு, உயரம் மூன்று மில்லிமீட்டர் அளவு. கருவிலேயே முழு வளர்ச்சியைக் கிட்டத்தட்ட எட்டிவிடுகிற அந்த எலும்பில், ஒரு நூற்றாண்டுப் பொறியியல் அடங்கியிருக்கிறது. தாலாட்டைக் கேட்கும் குழந்தைக்கு எந்த டியூனரும் திருக வேண்டியதில்லை.

பூமிக்கும் ஓர் ஒத்ததிர்வு

சிறியதில் கண்டதைப் பெரியதிலும் காணலாம். தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே உள்ள ஓடு போன்ற வெளி ஒரு ரேடியோக் கூடு. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர்; ஒளி அதை நொடிக்கு ஏழரை முறை சுற்றும். ஆகவே அந்தக் கூடு அதை ஒட்டிய மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர வேண்டும் என்று 1952-இல் இயற்பியலாளர் ஷூமன் கணித்தார். பின்னர் அளந்தபோது 7.83 ஹெர்ட்ஸ் கிடைத்தது. அதை ஓயாமல் தட்டி எழுப்புவது மின்னல். உலகெங்கும் சேர்த்து நொடிக்கு நாற்பதுக்கு மேல் மின்னுகிறது. நாம் வாழ்வதே ஒரு மாபெரும் ஒத்ததிர்வுக்குள்.

இதைவிடத் தூரத்திலிருந்து வருவதைக் கேட்க, நம் நீலகிரியிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970-இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பூமத்திய ரேகையிலிருந்து ஊட்டி எவ்வளவு வடக்கே இருக்கிறதோ அதே 11 பாகை சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே திசையில் மெல்லச் சுழற்றினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அதன் குவிகோட்டில் 1056 டைபோல்கள் வரிசையாக நிற்கின்றன. 326.5 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை 46 சென்டிமீட்டர். தென்னை மரத்தில் கட்டிய கம்பியின் தம்பிகள்தான் அவை. ஒன்று பக்கத்து மாநில நண்பரின் குரலைப் பிடிக்கிறது. மற்றவை பால்வெளிக்கு அப்பாலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலையைப் பிடிக்கின்றன. இரண்டுக்கும் விதி ஒன்று.

படைப்பை வியப்பதற்கு மயில்தோகையும் தேன்கூடும் போதும் என்று பலர் நின்றுவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கு அதைவிட ஆழமானது. அதில் விதிவிலக்கு கேட்டு யாரும் மனுப் போட முடியாது. அண்டத்தின் அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் வெளி ஒரே எண்ணைச் சொல்வதால்தான், இங்கே கேட்கும் நாம் அங்கே நடந்ததைப் புரிந்துகொள்கிறோம். அந்த எண் ஊருக்கு ஊர் மாறியிருந்தால் வானியலும் இல்லை, வானொலியும் இல்லை.

ஹாம் ஒருவர் மாடியில் நின்று நுனியை ஓர் அங்குலம் மடித்து, மறுபடி அளந்து, இன்னும் ஓர் அங்குலம் மடிக்கும்போது அவர் செய்வது எளிய வேலைதான். ஆனால் அதில் ஒரு பணிவு இருக்கிறது. எண் பொருந்தாவிட்டால் அவர் கம்பியைத் திருத்துகிறார், உயரத்தைத் திருத்துகிறார், சாய்வைத் திருத்துகிறார். எண்ணைக் குறை சொல்வதில்லை. படைத்தவன் விதித்த அளவுக்கு நம்மைச் சரிசெய்துகொண்டால் பேச்சு கடல் தாண்டிப் போகும் என்பதை, வேறு எந்தப் போதனையும் இவ்வளவு கறாராகக் கற்றுத் தருவதில்லை.